ஐந்து மில்லி ரத்தம்: எந்த ஒப்புதலுக்குக் கைநாட்டு வைப்பது?

கோத்தகிரியிலிருந்து சமவெளிப் பக்கம் இறங்கும் சரிவில் நாற்பது வீடுகள் உள்ள ஓர் இருளர் குடியிருப்பு இருக்கிறது. போன மாதம் அங்கே ஓர் ஆய்வுக் குழு வந்தது. ஆளுக்கு ஐந்து மில்லி ரத்தம் கேட்டார்கள். அதில் கொஞ்சம் சிக்கிள் செல் சோதனைக்கு; ரத்தச் சிவப்பணு அரிவாள்போல வளைந்துபோகும் பரம்பரை நோய் அது. முடிவை வீடு தேடி வந்து சொல்வார்கள், நோய் இருந்தால் மருந்துக்கும் வழி செய்வார்கள். மீதியை உறைய வைத்து மரபணு ஆய்வுக்கு எடுத்துக்கொள்வார்கள். அந்த மீதிக்கு எந்த மாதிரியான ஒப்புதல் தருவது என்பதை ஊரே கூடிப் பேசி முடிவு செய்யட்டும் என்று படிவங்களை விட்டுச் சென்றிருக்கிறார்கள். என் பணிக்காலத்தில் இப்படி அவகாசம் கொடுத்த குழு ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. அதற்காகவே அவர்கள்மீது எனக்கு மரியாதை.

29 ஆண்டுகள் இந்த மலையில் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் எனக்கு நர்சம்மா என்றுதான் பெயர். படிவங்களைத் தூக்கிக்கொண்டு பத்துப் பேர் வீட்டுக்கு வந்தார்கள். ஊர்த் தலைவரான மூப்பனின் அம்மாவும் கூட வந்திருந்தார். எண்பது வயதைத் தாண்டியவர். அவர் படிவத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்: "முன்னே ஒருக்கா நீ ஆளுங்களைக் கூட்டிட்டு வந்து எடுத்துட்டுப் போனியே நர்சம்மா, அந்த ரத்தம் இப்ப எங்க இருக்கு?"

எனக்குத் தெரியவில்லை. 1990-களின் கடைசியில் ஒரு குழுவை வீடு வீடாக அழைத்துப் போனது நான்தான். ரத்தசோகை பார்க்கிறோம் என்றார்கள், நானும் அதையே ஊரில் சொன்னேன். ஊதா மூடி டியூப்கள், ஐஸ் பெட்டி, ஒரு ஜீப். ஒரே நாளில் எல்லாம் முடிந்தது. முடிவு என்று ஒரு தாள் வரவில்லை. இரண்டு முறை கடிதம் போட்டேன், பதிலும் இல்லை. அன்றைக்கு அந்த ஜனங்கள் கையை நீட்டியது என் முகத்துக்காக. அந்தக் கடன் என்மேல் இன்னும் இருக்கிறது.

ஆகவே ஒவ்வொரு வழியையும் நான் அந்தப் பாட்டியின் கேள்வியை வைத்துத்தான் எடை போடுகிறேன். பத்து வருஷம் கழித்து "எங்கள் ரத்தம் எங்கே?" என்று ஒருவர் கேட்டால், பதில் சொல்லக் கடமைப்பட்ட ஆள் ஒருவர் இருப்பாரா? எட்டிப் பிடிக்கக்கூடிய தூரத்தில் இருப்பாரா?

சோதனையும் ஆய்வும் ஒரே கையெழுத்தில் வேண்டாம்

வழிகளுக்குள் போகும் முன் ஒரு முடிச்சை அவிழ்க்க வேண்டும். சோதனை நமக்காக. ஆய்வு பிறருக்காக, நாளைக்காக. இரண்டும் நல்லவைதான். ஆனால் இரண்டையும் ஒரே தாளில் கட்டிக் கொடுத்தால், பிள்ளையின் மூட்டுவலிக்குக் காரணம் தெரிய வேண்டும் என்று தவிக்கும் தாய் எதற்கு வேண்டுமானாலும் கைநாட்டு வைப்பாள். அது சம்மதம் ஆகாது. அவளுக்கு வேறு வழியில்லை, அவ்வளவுதான்.

நீலகிரிக்கு இந்த நோய் புதிதல்ல. ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் என்ற இருவர் இந்த மலையின் பழங்குடி மக்களின் ரத்தத்தில் சிக்கிள் செல் தன்மை இருப்பதை 1952-ல் லண்டன் மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார்கள். இந்தியாவில் இது முதன்முதலாகப் பதிவானது அந்த ஆண்டில்தான். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடம் கண்டறிந்த செய்தியும் அதே ஆண்டில்தான் வந்தது. உலக மருத்துவத்தில் நம் மலைக்கு இப்படி ஓர் இடம் இருப்பது, வேலையில் சேர்ந்து பதினைந்து வருஷம் கழித்துத்தான் எனக்கே தெரிந்தது.

தாய், தகப்பன் இருவரும் கேரியராக, அதாவது தனக்கு நோயில்லாமல் அந்தக் குறையுள்ள ஜீனை மட்டும் சுமப்பவராக இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் பிள்ளைக்கு நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, கேரியராகப் பிறக்க நாலில் இரண்டு, எதுவும் இல்லாமல் பிறக்க நாலில் ஒன்று. கேரியர் நோயாளி இல்லை. சாதாரணமாக வேலை செய்வார், வாழ்வார். இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை வறண்டிருக்கிறது. 2023 ஜூலை 1-ம் தேதி மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தொடங்கிய தேசிய இயக்கம், 40 வயது வரையிலான 7 கோடிப் பேரைச் சோதித்து 2047-க்குள் இந்த நோயை ஒழிப்பதைக் குறியாக வைத்திருக்கிறது. எனவே ஆய்வுக்கு இல்லை என்று சொன்னால் சோதனையும் போய்விடும் என்று யாரும் பயப்பட வேண்டியதில்லை. சோதனைக்கு அரசு வழி தனியாக இருக்கிறது. ஆய்வில் சேர மறுத்ததற்காகச் சிகிச்சையை மறுக்கக் கூடாது என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நெறிமுறையிலேயே உண்டு.

சோதனை என்றாலே ஆபத்தில்லை என்றும் எண்ணிவிடக் கூடாது. ஒரு முகாமில் கேரியர்களின் பெயர்ப் பட்டியலை அப்படியே சுவரில் ஒட்டினார்கள். நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன், தடுக்கவில்லை. அந்தப் பட்டியலால் ஒரு பெண்ணின் கல்யாணப் பேச்சு நின்றது. மாப்பிள்ளைக்கும் ஒரு சோதனை செய்திருந்தால் போதும். அவருக்கு ரத்தத்தில் இத்தகைய குறை இல்லையென்றால் பிறக்கும் பிள்ளைக்கு நோய் வராது. அதை அந்த வீட்டில் போய் எடுத்துச் சொல்ல ஆள் இல்லை, சுவரில் தாள் மட்டும் இருந்தது. கிரீஸ் நாட்டில் ஆர்க்கோமெனோஸ் என்ற ஊரிலும் 1970-களில் ஊர் முழுவதையும் சோதித்துப் பார்த்தார்கள். கேரியர்களை மற்றவர்கள் ஒதுக்கினார்கள். கல்யாணத்துக்காகப் பலர் முடிவையே மறைத்தார்கள். அங்கே கிழக்கு மத்தியதரைக் கடல், இங்கே மேற்குத் தொடர்ச்சி மலை. கல்யாணச் சந்தையின் பயம் ஒன்றுதான்.

ஒரே ஆய்வுக்கு மட்டும்

முதல் வழி இது. சொன்ன ஆய்வுக்கு மட்டும் ரத்த மாதிரியைப் பயன்படுத்தலாம், முடிந்ததும் அழித்துவிட வேண்டும். வேறு எதற்காவது வேண்டுமென்றால் மறுபடி மலை ஏறி வந்து கேட்க வேண்டும்.

அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் ஹவசுபாய் என்ற சிறு பழங்குடியினர் வாழ்கிறார்கள். அவர்களிடம் சர்க்கரை நோய் மிகுதி. காரணம் தெரியட்டும் என்று 1990 முதல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு ரத்தம் கொடுத்தார்கள். பிறகு அதே ரத்தத்தை மனச்சிதைவு பற்றியும், உறவுக்குள் மணம் செய்வது பற்றியும், அவர்களுடைய முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்பது பற்றியும் ஆராய்ந்து எழுதியிருந்தது 2003-ல் தெரிய வந்தது. அந்தப் பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர்கள் நாம் என்பது அவர்கள் நம்பிக்கை. வழக்கு நடந்தது. 2010-ல் 41 பேருக்கு 7 லட்சம் டாலர் கொடுக்கவும் ரத்த மாதிரிகளைத் திருப்பித் தரவும் பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது. ஊருக்குத் திரும்பி வந்த அந்த ரத்தத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் ஐஸ் பெட்டி நினைவுக்கு வரும்.

ஒரே ஆய்வுக்கு மட்டும் என்று எழுதி, அதன்படி நடந்திருந்தால் இது நேர்ந்திருக்காது. பாட்டியின் கேள்விக்கும் இந்த வழியில் நேரான பதில் உண்டு: அழித்துவிட்டார்கள், இதோ சான்று. குறை என்னவென்றால், பயன் குறைவு. இன்றைக்குத் தெரியாத கேள்வி ஒன்று ஐந்து வருஷத்தில் பிறக்கலாம். அப்போது மறுபடி ஊசி, மறுபடி முகாம். இடையில் இறந்தவரின் மாதிரி திரும்பக் கிடைக்காது. நாற்பதே வீடுகள் உள்ள ஊரில் ஒவ்வொரு மாதிரியும் பெரிது.

எதற்கும் பயன்படுத்தலாம் என்ற திறந்த ஒப்புதல்

ஆய்வாளர்களுக்கு மிகவும் வசதியான வழி. ஒரு கையெழுத்தோடு மாதிரியும் தரவும் கிடங்குக்குப் போய்விடும். எதிர்காலத்தில் எந்த ஆய்வுக்குக் கொடுப்பது என்பதை நெறிமுறைக் குழு பார்த்துக்கொள்ளும். பிரிட்டனில் 2006 முதல் 2010 வரை 5 லட்சம் பேர் இப்படித்தான் கொடுத்தார்கள். அதிலிருந்து வந்த ஆய்வுகள் ஏராளம்.

இதை ஒரேயடியாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அதற்குக் காரணம் இத்தாலியின் சார்டினியா தீவு. அங்கே ஒலியாஸ்த்ரா என்று ஒரு மலைப்பகுதி. வெளியார் அதிகம் கலக்காத சிற்றூர்கள். அங்கே நான்கு ஊர்களிலிருந்து 6,000-க்கும் மேற்பட்டோர் 2001 முதல் ஒரு பெரிய ஆய்வுக்கு ரத்தம் கொடுத்தார்கள். கருவில் இருக்கும்போது சுரக்கும் ஹீமோகுளோபின் சிலருக்கு மட்டும் பெரியவரான பிறகும் ஏன் நிற்காமல் சுரக்கிறது என்ற கேள்விக்கு அந்த ரத்தம் பதில் சொன்னது. பி.சி.எல்.11ஏ என்ற ஜீனுக்கும் இதற்கும் உள்ள தொடர்பைக் காட்டிய 2008-ம் ஆண்டு ஆய்வுகளில் அதுவும் ஒன்று. இன்று சிக்கிள் செல் நோய்க்கு வந்திருக்கும் முதல் ஜீன் திருத்தச் சிகிச்சை அந்த ஜீனின் செயலைத்தான் ரத்தச் செல்லில் அடக்குகிறது; அதனால் கருக்கால ஹீமோகுளோபின் மறுபடி சுரந்து நோயைத் தணிக்கிறது. 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் அதற்கு அனுமதி கொடுத்தன. ஒரு மலைக்காரர் கொடுத்த ரத்தம் இன்னொரு மலைக்காரரின் வலியைத் தீர்க்கக்கூடும் என்பது வெறும் பேச்சு இல்லை. சிக்கிள் வலியில் இரவு முழுக்கக் கத்தும் பிள்ளையை மடியில் வைத்திருந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கு இன்னும் ஹைட்ராக்ஸியூரியா மாத்திரையும் ஃபோலிக் அமிலமும்தான்.

அதே ஒலியாஸ்த்ராவில் இன்னொன்றும் நடந்தது. வேறு சில ஊர்களின் மக்கள் வேறொரு நிறுவனத்தின் கிடங்குக்கு ரத்தம் கொடுத்திருந்தார்கள். சுமார் 12,000 பேர். அந்த நிறுவனம் 2012-ல் திவாலானது. 2016-ல் கடன் தீர்ப்பதற்காகச் சொத்துகளை விற்றபோது, மேசை நாற்காலியோடு மேசை நாற்காலியாக அந்த ரத்தமும் விலைக்குப் போனது. ஒரு வெளிநாட்டு நிறுவனம் 2,58,000 யூரோவுக்கு வாங்கியது. கொடுத்தவர்களை யாரும் கேட்கவில்லை. ஊர்க்காரர்கள் கொதித்தெழுந்தார்கள், தரவுப் பாதுகாப்பு ஆணையம் தலையிட்டு நிறுத்தியது, வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது.

ஒரே மலை, ஒரே ஜனம், ஒரே விதமான நம்பிக்கை. திறந்த ஒப்புதலில் இந்த இரண்டில் எது நடக்கும் என்பது கையெழுத்து வைக்கும் அன்று தெரியாது. இன்றைய குழுவின் நல்ல மனசைப் பார்த்துக் கையெழுத்து வைக்கிறோம். இருபது வருஷத்தில் அந்தக் குழுத் தலைவர் ஓய்வு பெறுவார், நிறுவனம் கைமாறும், உறைபெட்டியின் சாவி யாரிடமோ இருக்கும்.

"பெயரை எடுத்துவிடுவோம், எண் மட்டும்தான் இருக்கும்" என்று சமாதானம் சொல்வார்கள். சென்னையில் எடுத்த மாதிரிக்கு அது சரியாக இருக்கலாம். இங்கே சரிவராது. தோடர்கள் மொத்தமே சுமார் 2,000 பேர். எங்கள் குடியிருப்பில் 140 பேர். "கோத்தகிரி வட்டம், இருளர், பெண், 34 வயது, இரண்டு பிள்ளைகள், மூத்தவனுக்கு நோய்" என்று எழுதினால் பெயர் எதற்கு? எங்கள் பால்காரர்கூடச் சொல்லிவிடுவார் அது யாரென்று. 2023-ல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இங்கே பெரிய வேலி இல்லை, தனிநபரைப் பற்றி முடிவெடுக்கப் பயன்படுத்தாத ஆராய்ச்சிக்கு அதில் விலக்கு உண்டு. தவிர, தீங்கு ஒருவரோடு நிற்பதில்லை. "இந்த இனத்தாருக்கு இந்தக் குறை" என்று அச்சில் வந்துவிட்டால் ரத்தமே கொடுக்காதவர் பிள்ளையும் அதைச் சுமக்கும். 1890-களில் சென்னை அருங்காட்சியகத்தின் தர்ஸ்டன் இந்த மலையில் மக்களின் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்து எழுதினார். அந்த அளவுகள் இன்றும் நூலகங்களில் கிடக்கின்றன.

படிப்படியான ஒப்புதல்

இந்த வழியில் படிவம் பல கேள்விகளாகப் பிரியும். சிக்கிள் செல் ஆய்வுக்குத் தருகிறாயா? மற்ற ரத்த நோய்களுக்கு? எந்த நோய்க்கும்? முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்ற ஆய்வுக்கு? தனியார் மருந்து நிறுவனம் கேட்டால்? வெளிநாட்டுக்கு அனுப்பலாமா? உன் ரத்தத்தில் வேறு ஏதாவது நோய்க்குறி தெரிந்தால் உன்னிடம் சொல்லலாமா? ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஆம், இல்லை. 2017-ல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக நெறிமுறை இதையும் ஒரு வகையாகச் சொல்கிறது. மாதிரியும் அதிலிருந்து வரும் தரவும் கொடுத்தவருக்கே உரியவை, நிறுவனம் காப்பாளர் மட்டுமே என்றும் அதே நெறிமுறை சொல்கிறது. மலையில் வேலை செய்யும் ஒவ்வொரு செவிலியரும் மனப்பாடம் செய்ய வேண்டிய வரி அது.

எனக்குப் பிடித்த வழி இது. மனுஷர் நினைக்கிற மாதிரியே நினைக்கிறது. படிவத்தை வாசித்துக் காட்டியபோது ஒரு பெண் சொன்னாள்: "நோய்க்குன்னா எவ்வளவு வேணா எடுத்துக்கட்டும் நர்சம்மா. எங்க தாத்தா எங்கிருந்து வந்தாருன்னு அவுங்க சொல்ல வேண்டாம், எங்களுக்குத் தெரியும்." திறந்த ஒப்புதலில் அவளுக்கு இடமில்லை, மொத்தமாக ஆம் அல்லது மொத்தமாக இல்லை. இங்கே அவளுடைய பேச்சு அப்படியே இரண்டு கட்டத்தில் எழுதப்படும். முன்னோர் பற்றிய கேள்வி நம் மலையில் வெறும் ஆர்வக் கேள்வியும் இல்லை. சாதிச் சான்றிதழுக்காக அலுவலகம் அலுவலகமாக அலையும் குடும்பங்கள் எத்தனை! நாளைக்கு ஒருவர் மரபணு அறிக்கை ஒன்றைக் காட்டி, "நீ அந்த இனமே இல்லை" என்றால்? ஓர் இனத்தாரின் அடையாளம் மொழி, உறவு, குலம், சாமி, வாழ்ந்த இடம் எல்லாம் சேர்ந்தது. டியூபில் அதைத் தேட முடியாது. ஆனால் தேடியதாகச் சொல்லிக்கொண்டு வருபவரை மறுத்துப் பேச எங்கள் ஜனத்துக்கு வக்கீல் எங்கே?

குறையும் எனக்குக் கண்கூடாகத் தெரியும். முப்பது பேர் வரிசையில் நிற்பார்கள். மழை வரும்போல இருக்கும், ஜீப் ஓட்டுநர் அவசரப்படுத்துவார். செவிலியர் என்ன செய்வார்? "எல்லாத்துக்கும் ஆமாதானே?" என்று கேட்டுக்கொண்டே எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டுவிடுவார். நானே செய்திருப்பேன். அப்போது படிப்படியான ஒப்புதல் காகிதத்தில் மட்டும் இருக்கும், உள்ளே திறந்த ஒப்புதல். இதற்கு ஒரே மருந்து நேரம். முதல் வருகையில் விளக்கம் மட்டும். குறைந்தது ஒரு வாரம் கழித்து ஊசி. எழுதப் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைக்கும்போது குழுவைச் சேராத, படிக்கத் தெரிந்த சாட்சி ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. அந்தச் சாட்சி அங்கன்வாடியிலோ சுகாதாரத் துறையிலோ வேலை செய்பவராக இல்லாமல், ஊரில் பத்தாவது படித்த பிள்ளையாக இருந்தால் நல்லது. சீருடையைப் பார்த்தால் எங்கள் ஜனம் இல்லை என்று சொல்லாது.

போன் வழியாக அவ்வப்போது கேட்பது

புது ஆய்வு வரும்போதெல்லாம் கைப்பேசியில் செய்தி வரும், ஆம் அல்லது இல்லை என்று தட்டலாம். நகரத்துக்கு நல்லது. எங்கள் சரிவில் டவர் எடுக்கும் இடம் ஒரே ஒரு பாறை. வீட்டுக்கு ஒரு போன், அதுவும் பையன் கையில். இதற்கு மேல் இங்கே பேச ஒன்றுமில்லை.

ஊரின் காவலில், கடனாக

கனடாவின் வான்கூவர் தீவில் நூ-சா-நுல்த் என்ற பழங்குடியினர் உண்டு. 1980-களில் 883 பேர் மூட்டு வாத ஆய்வுக்காக ரத்தம் கொடுத்தார்கள். ஆய்வாளர் வேறு நாடுகளுக்கு வேலை மாறிப் போனபோது ரத்தமும் அவரோடு போனது, முன்னோர் ஆய்வுக்கும் பயன்பட்டது. 2004-ல்தான் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு கனடாவில் ஒரு கருத்து பிறந்தது: ரத்தத்தை ஆய்வாளருக்குக் கொடுப்பது தானமாக இல்லை, கடனாக. உரிமை கொடுத்தவருடையது. புது வேலைக்கு எடுக்க வேண்டுமென்றால் ஊர்க் குழுவிடம் வந்து கேட்க வேண்டும். ஆய்வு எழுதிய பிறகு ஊருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். தென்னாப்பிரிக்காவின் சான் மக்கள் 2017-ல் தங்களிடம் வரும் ஆய்வாளர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று தாங்களே ஒரு நெறிமுறையை எழுதி வெளியிட்டார்கள்.

பாட்டியின் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. ஆனால் நம் ஊர் நிலைமையில் "ஊர்" என்றால் யார்? பஞ்சாயத்தின் கிராம சபையைச் சொன்னால், அங்கே எஸ்டேட் தொழிலாளர், ஹட்டிக்காரர்களான படகர்கள், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர், வியாபாரிகள் எல்லோரும் உண்டு. நாற்பது வீட்டின் ரத்தத்தைப் பற்றி ஆயிரம் பேர் கை தூக்கக் கூடாது. பழங்குடிப் பகுதிகளுக்கான பஞ்சாயத்து விரிவாக்கச் சட்டமும் நமக்கு உதவாது. அது அட்டவணைப் பகுதிகளுக்கு மட்டும்தான், தமிழ்நாட்டில் அப்படி அறிவிக்கப்பட்ட இடமே இல்லை. 2006-ம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மட்டும்தான் குடியிருப்பு அளவில் ஒரு சபையை ஏற்கிறது. வனப் பட்டாவுக்காகக் கூடும் அந்தச் சபைதான் இதற்கும் பொருத்தம் என்று நான் நினைக்கிறேன்.

இன்னொன்று. மூப்பன் சரி என்றால் ஊரே சரி என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு உண்டு. ஊரின் அனுமதி தனி ஒருவரின் சம்மதத்துக்கு ஈடாகாது என்று நெறிமுறை தெளிவாகச் சொல்கிறது. ஒருவருக்காக இன்னொருவர் கையெழுத்திட்டால் என்ன ஆகும் என்பதை 2009-ல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் நாடு பார்த்தது. கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி தடுப்பூசியின் ஆய்வில், விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமிகள் பலருக்குப் பெற்றோருக்குப் பதில் விடுதிக் காப்பாளர்களே கையெழுத்திட்டிருந்தார்கள். சில சிறுமிகள் இறந்தபோது, அவற்றுக்குத் தடுப்பூசி காரணமில்லை என்று விசாரணைக் குழு சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. 2010 ஏப்ரலில் ஆய்வு நின்றது. 2013-ல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் கண்டித்தது. கருப்பைவாய்ப் புற்றுநோயில் பெண்கள் சாவதைப் பார்த்திருக்கும் எனக்கு, அந்தத் தடுப்பூசியின் பெயர் அப்படிக் கெட்டதில் தீராத வருத்தம். கையெழுத்தில் செய்த தவறு மருந்தின் மேல் விழுந்தது.

வேண்டாம் என்பது

இதுவும் ஒரு முழுமையான வழி. அறியாமை என்று யாரும் சொல்லக் கூடாது. அமெரிக்காவின் நவாஹோ மக்கள் 2002-ல் தங்கள் நிலத்தில் மரபணு ஆய்வே வேண்டாம் என்று நிறுத்திவைத்தார்கள். அவர்களிடம் பெரிய மருத்துவமனைகளும் படித்தவர்களும் இல்லாமல் இல்லை. பின்னாளில் அந்தத் தடையைத் தளர்த்தலாமா என்ற பேச்சும் அவர்களுக்குள்ளேயே எழுந்தது. மூடிய கதவை மூடியவரே திறப்பதில் ஒரு கௌரவம் இருக்கிறது.

இழப்பையும் மறைக்கக் கூடாது. 83 இனக்குழுக்களிலிருந்து 10,000 பேரின் மரபணுத் தொகுப்பை எடுத்த ஜீனோம் இந்தியா திட்டத்தின் தரவு 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. நாளைய மருந்துகளும் சோதனைகளும் இத்தகைய தரவுகளை வைத்துத்தான் வரும். யாருடைய ரத்தம் அதில் இல்லையோ அவருக்கு அந்த மருந்து எப்படி வேலை செய்யும் என்பது பிறகுதான் தெரியும். ஊர் வேண்டாம் என்று முடிவு செய்தாலும், நோயுள்ள பிள்ளையின் தாய் ஒருத்தி தரலாம் என்று நினைத்தால்? பல இரவுகள் இதை யோசித்தேன். அவள் தரட்டும், தடுக்க யாருக்கும் உரிமையில்லை. ஆனால் அந்த ஆய்வு வெளியாகும்போது ஊரின் பெயரோ இனத்தின் பெயரோ வரக் கூடாது. ரத்தம் அவளுடையது, பெயர் எல்லோருடையது.

நான் ஊரில் சொல்லப் போவது

படிப்படியான ஒப்புதல், அதோடு ஊரின் கடன் என்ற கருத்தும் சேர வேண்டும். நோய் ஆய்வுக்கு ஆம் என்று சொல்லலாம். முன்னோர் ஆய்வு, தனியார் நிறுவனம், வெளிநாடு மூன்றுக்கும் இப்போதைக்கு இல்லை. கேட்க வேண்டுமானால் குடியிருப்பின் சபைக்கு வரட்டும், அந்தச் சபையில் பாதிப் பேர் பெண்களாக இருக்கட்டும். சோதனைக்கு ஒரு தாள், ஆய்வுக்கு ஒரு தாள். கேரியர் முடிவைத் தனியாக, அவரவர் காதில் சொல்ல வேண்டும். பட்டியல் எதுவும் சுவருக்கு வரக் கூடாது. ஒரு குடும்பத்தில் எல்லோருடைய ரத்தத்தையும் பார்க்கும்போது தகப்பன் யார் என்ற கேள்விகூட எழலாம். அதை யாரிடமும் சொல்வதில்லை என்று குழு முன்கூட்டியே எழுதித் தர வேண்டும், ஒரு பெண்ணின் வாழ்வே அதில் இருக்கிறது. நிறுவனம் மூடினாலோ கைமாறினாலோ மாதிரி அழிக்கப்படும் அல்லது ஊருக்குத் திரும்பும் என்று ஒரு வரி வேண்டும். ஒலியாஸ்த்ராக்காரர்களுக்கு அந்த ஒரு வரி இல்லாமல் போயிற்று.

கடைசியாக, வருஷத்துக்கு ஒருமுறை குழுவிலிருந்து ஒருவர் நேரில் வந்து, எத்தனை டியூப் இருக்கிறது, எங்கே இருக்கிறது, அதை வைத்து என்ன செய்தோம் என்று சொல்ல வேண்டும். எழுதி அனுப்பினால் போதாது. இதைப் போனில் கேட்டபோது ஆய்வுக் குழுவின் டாக்டர் அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "வருவேன், நான் இல்லையென்றால் யார் வருவார் என்பதையும் படிவத்திலேயே எழுதுகிறேன்" என்றார்.

கூட்டம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மாரியம்மன் கோயில் திட்டில். திருத்திய படிவத்தில் இரண்டு பக்கம் தமிழில் வந்துவிட்டது. நிறுவனம் கைமாறினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லும் மூன்றாம் பக்கம் இன்னும் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. அது தமிழில் வந்த பிறகுதான் வாசிக்கத் தொடங்குவேன் என்று சொல்லியிருக்கிறேன். பாட்டி முன்வரிசையில் உட்காருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.